சித்தேரி முதுகும் சமவெளிப் புளுகும்

சமவெளிக்காரர் ஒருவர் மலைவாழ் பெண்களை வானளாவப் புகழத் தொடங்கினால், அடுத்த பத்தியில் தம் ஊர்ப் பெண் யாரையோ வையப்போகிறார் என்று பொருள். முதுகு வலியோடு பிள்ளையைத் தூக்க முடியாமல் 'பேபி கேரியர்' தேடும் தாய்மாரைக் கண்டித்து ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பது இந்த மரபுக்கு மாசற்ற உதாரணம். அரூரிலிருந்து சித்தேரி மலைக்குக் காரில் போயிருக்கிறார். பழஞ்சேலையில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தலையில் விறகோடு ஏறிவந்த ஒரு பழங்குடிப் பெண்ணைக் கண்டிருக்கிறார். அவள் முகம் சுளிக்கவில்லையாம், ஆகவே அவளுக்கு வலியே இல்லையாம், ஆகவே கீழே இருப்பவர்களுக்கு வருவது வலியல்ல, சொகுசாம். இரண்டே 'ஆகவே'யில் எலும்பு மருத்துவத்தை முழுசாக இழுத்து மூடிவிட்டார்.

கார் கண்ணாடி வழியே முதுகெலும்பைப் படிக்கும் இந்த ஞானதிருஷ்டிக்காரர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டதாகக் கட்டுரையில் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இடுப்பு வலிக்கென்று அரூருக்குப் பஸ் ஏற அவளால் முடியுமா, ஏறாதவளின் வலி எந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் பதியும் என்ற சந்தேகமாவது வந்ததா? சித்தேரி ஊராட்சியைச் சேர்ந்த கலசப்பாடி, அரசநத்தம் பக்கத்திலிருந்து நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய செய்திகளை நாளேடு படிக்கும் எவரும் அறிவர். அந்த ஊர்க்காரர்கள் ரோடு கேட்டு மனுமேல் மனு கொடுத்ததையும் அறிவர். சுமப்பது அவர்களுக்கு அத்தனை ஆனந்தமாக இருந்திருந்தால் ரோடு எதற்குக் கேட்டார்கள், ஐயா?

இப்படிப்பட்ட பரவசம் நம்மவருக்கு மட்டும் வருவதல்ல. 1986-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, கென்யாவின் லுவோ, கிகுயூ பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையால் தாங்கிக்கொண்டு கூடுதல் சக்தி செலவில்லாமலே நடக்கிறார்கள் என்றது. உலகம் வாய்பிளந்தது. தென்னாப்பிரிக்காவின் கோசா இனப் பெண்களைச் சோதித்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, தலைச்சுமைக்கு அப்படியொரு பொதுச் சலுகை எதுவும் இல்லை, கழுத்து வலிதான் மிச்சம் என்று கண்டது. முதல் ஆய்வு அளந்தது மூச்சை. கழுத்தைப் பற்றிச் சுமக்கும் பெண்களிடமே கேட்க வேறு ஆள் வரவேண்டியிருந்தது. நம்மவர் மூச்சையும் அளக்கவில்லை, கழுத்தையும் கேட்கவில்லை. நேரே முடிவுக்குப் போய்விட்டார்.

அடுத்து, கேரியர் என்பது மேலைநாட்டு வியாபாரி கட்டிவிட்ட மோகம் என்கிறார். வரலாறு இங்கே அவருடைய காலையே வாருகிறது. ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1960-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் பணிபுரிந்தபோது, அங்கே பெண்கள் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் மகளுக்காக, தன் தாயின் தையலோடு, அதைப்போல் ஒன்றைச் செய்தார். 1969-இல் காப்புரிமை பெற்ற 'ஸ்னக்ளி' கேரியர் அதிலிருந்து வந்ததுதான். அதாவது எந்தத் துணிக்கட்டை அவர் மலையில் கண்டு மெய்சிலிர்த்தாரோ, அதன் ஒன்றுவிட்ட தங்கைக்கு வார் தைத்துப் பக்கிள் மாட்டிக் கடையில் தொங்கவிட்டால் அதற்குப் பெயர் கலாசாரச் சீரழிவு! சித்தேரிப் பெண் கட்டினால் மரபு, சேலத்துப் பெண் கட்டினால் மோகம். இதில் கெட்டுப்போனது துணியா, பார்வையா?

அவர் முன்வைக்கும் மாற்றுதான் உச்சம்: பாட்டிகளைப்போல இடுப்பில் இடுக்கிக்கொள்ள வேண்டுமாம். ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, முதுகை மறுபக்கம் வளைத்து, ஒரே கையால் பத்துக் கிலோவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான் முதுகு வலிக்காரிக்கு வைத்தியமாகச் சொல்கிறார். 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பிள்ளையைத் துணிக்கட்டில் சுமப்பதைவிட வெறுங்கையில் சுமந்து நடக்கச் சராசரியாக 16 சதவீதம் அதிகச் சக்தி செலவாகிறது என்று கணக்கிட்டது. அதோடு, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் அறுவைச் சிகிச்சை. வயிற்றுத் தசை தளர்ந்து, தையல் போட்ட பச்சை உடம்புக்காரியிடம் பாட்டியின் இடுப்பைக் கடன் வாங்கிக்கொள் என்கிறாரே, இது அறிவுரையா, அபராதமா?

வலியுள்ளவர் பார்க்கவேண்டியது கட்டுரையாளரின் முகச்சுளிப்பை அல்ல, பாரம் எங்கே இறங்குகிறது என்பதை. அகலமான இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக உட்கார்ந்தால் எடையின் பெரும்பகுதியைத் தோளிடமிருந்து அது வாங்கிக்கொள்ளும். வார்கள் பஞ்சு வைத்து அகலமாக, முதுகில் குறுக்கே போவதாக இருந்தால் இரு தோளும் பங்கிட்டுக்கொள்ளும். பிள்ளை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவிசை குறையும். தொளதொளவென்று வயிற்றுக்குக் கீழே தொங்கும் கேரியர் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் முதுகுக்கு எதிரிதான். ஒற்றைத் தோளில் மாட்டும் துணி, நோவுள்ள முதுகுக்கு ஆகாது. பிள்ளை உட்காரப் பழகியபின் முதுகுப்பக்கம் மாற்றிக்கொண்டால் இன்னும் நிம்மதி. பிள்ளையையே உள்ளே வைத்துக் கொஞ்சம் நடந்து பார்க்காமல் வாங்கவும் கூடாது. இதில் எங்கே சொகுசு?

கேரியரில் வைத்தால் கால் கோணிவிடும், மூச்சு முட்டும் என்ற அவருடைய மிரட்டலில் பாதி உண்மை இருப்பதால்தான் அது முழுப் பொய்யைவிட ஆபத்தாகிறது. பை போலக் குழிந்து, பிள்ளையின் முகவாய் நெஞ்சில் மடங்கும்படி விழவைக்கும் தூளிகள் குறித்து அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் எச்சரித்தது உண்மை. நான்கு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்றதும் உண்மை. முகம் கண்ணில் படவேண்டும், மூக்கு மூடப்படக் கூடாது, முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடைவெளி வேண்டும் என்பதுதான் அதன் பாடம். கேரியரே வேண்டாம் என்பதை அதிலிருந்து யார் கறந்தார்கள்? காலைப் பொறுத்தவரை, முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து, தொடை விரிந்து, தவளைபோல உட்கார்ந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. கேடு செய்வது காலை நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான். அந்த வழக்கத்தை எதிர்த்து ஜப்பானில் 1970-களில் நடந்த பிரசாரத்துக்குப் பிறகு சிசுக்களின் இடுப்பு மூட்டு விலகல் வெகுவாகக் குறைந்தது. நம்மவரோ, பிள்ளையின் கால் நேராக வளர இறுக்கிச் சுற்றிப் போடுங்கள் என்று அதே கட்டுரையின் கடைசிப் பத்தியில் பரிந்துரைக்கிறார். தம் கட்டுரையைத் தாமே ஒருமுறை படித்திருக்கலாம்.

எப்போதும் தூக்கிவைத்திருந்தால் பிள்ளைக்குக் 'கைப்பழக்கம்' ஆகிவிடும் என்ற பழைய பூச்சாண்டிக்கு நீண்ட பதில் தேவையில்லை: மான்ட்ரியலில் நடந்து 1986-இல் வெளியான ஆய்வில், கூடுதல் நேரம் சுமக்கப்பட்ட ஆறு வாரக் குழந்தைகள் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன.

எஞ்சுவது உள்நோக்கம். பெண்ணின் தாங்கும் சக்தியைப் புகழ்வதற்குச் செலவில்லை. கேரியருக்குச் செலவு உண்டு, அதுவும் யாருடைய சட்டைப் பையிலிருந்து என்பது வாசகருக்குத் தெரியாததல்ல. சித்தேரிப் பெண்ணுக்கு ரோடு வேண்டாம், சேலத்துப் பெண்ணுக்குப் பட்டை வேண்டாம், இருவருக்கும் பொதுவாக ஒரு பாராட்டுப் பத்திரம் போதும் என்பதுதானே கட்டுரையின் சாரம்? கேரியரின் இடுப்புப் பட்டையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். எந்த அப்பாவின் இடுப்புக்கும் அது பொருந்தும். அம்மா, பாட்டி, மாமியார், மலைப்பெண் என்று இத்தனை பேர் வந்துபோகும் அந்த நீண்ட கட்டுரையில் பிள்ளையின் அப்பா ஒரு வரியில்கூட இல்லை. ஒருவேளை அவர்தான் அதை எழுதிக்கொண்டிருந்தாரோ?