தெய்வத்திற்குத் தூக்கம் வேண்டாமாம்!

களியக்காவிளைச் சோதனைச் சாவடியிலே லாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஓட்டிவரும் தோழனுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வரம்பு கட்டிற்று. கண் சொருகினால் உயிர் போகும் என்பது ஆள்வோருக்குத் தெரிந்திருந்தது. சட்டம் ஒழுங்காக நடந்ததா என்பது வேறு வழக்கு! அதே சாலையில் அடிபட்டவனுக்கு நள்ளிரவில் தையல் போடும் இளம் மருத்துவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று நாம் கேட்டதுண்டா?

கேட்கமாட்டோம். மருத்துவரைத்தான் கடவுளாக்கிவிட்டோமே! கல்லைக் கடவுளாக்கினால் கல்லுக்கு நட்டமில்லை. மனிதனைக் கடவுளாக்கினாலோ, அவனுக்குச் சோறு வேண்டாம், உறக்கம் வேண்டாம், உள்ளம் நொந்தது என்று வாய்திறக்கும் உரிமையும் வேண்டாம் என்றாகிறது.

1992இல் மத்திய அரசு, தொடர்பணி வழக்கமாக 12 மணியைத் தாண்டலாகாது என்றது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் செய்த விதியோ, 'நியாயமான' நேரம் வேலை, 'நியாயமான' ஓய்வு என்கிறது. எண் எங்கே? அளக்கப்படாத நியாயம் யாருடைய நியாயம்? அதே 2023இல், நம் குமரி மாவட்டத்திலேயே பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர், துன்புறுத்தப்பட்டதாக எழுதிவைத்துவிட்டு உயிர் துறந்தார். 2024இல் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட பெண் மருத்துவர், 36 மணி நேரப் பணியின் நடுவே, படுக்க வேறிடமின்றிக் கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயர்ந்தவர். அவ்வாண்டு ஆணையத்தின் பணிக்குழுவே ஆய்ந்து சொன்னது: பட்டமேற்படிப்பாருள் நூற்றுக்கு 31 பேருக்குத் தற்கொலை எண்ணம் எழுந்திருக்கிறது! வாரத்திற்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்றும் அது பரிந்துரைத்தது. லாரிக்கு 48, மருத்துவருக்கு 74! அதையும் பெருந்தன்மை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

"நாங்கள் படாத பாடா?" என்பர் மூத்தோர். மாமியார் பேசும் நியாயம் இது; தான் பட்ட அடியை மருமகளுக்குச் சீதனமாகத் தருவது. "தியானம் செய், மனம் அடங்கும்" என்பர் வேறு சிலர். உறங்காதவனுக்கு உறக்கமன்றோ மருந்து?

நியூயார்க்கில் 1984இல் ஓர் இளம்பெண் மருத்துவமனையில் மாண்டாள். அவளைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் களைப்பைத் தந்தை நாடறியச் செய்தார். 1989இல் அம்மாநிலம் வாரத்திற்கு 80 மணி, தொடர்ந்தாற்போல் 24 மணி என எல்லை வகுத்தது. 80 என்பதும் கொடுமையே. ஆயினும் எண் என்று ஒன்று வந்தது.

தோழர்களே, பணிநேரப் பதிவேட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். முறையிடும் இடம், தேர்வு மதிப்பெண் போடும் பேராசிரியரின் அறையாக இருத்தலாகாது என்று கேளுங்கள். அடுத்தமுறை மருத்துவமனை வாயிலில் நின்று, "டாக்டர் எங்கே?" என்று முழங்குமுன், அவர் கடைசியாக எப்போது உறங்கினார் என்றும் கேளுங்கள்.