ஒற்றைச் சாட்சி போதுமா?



முன்னாளில் திருமணம் பேச வரும் வீட்டார் குணத்தையும், குடும்பத்தையும், வருவாயையும் விசாரித்து மனநிறைவு அடைந்தனர். இந்நாளில் அவற்றோடு இரத்தப் பரிசோதனைத் தாளும் சேர்ந்துகொண்டது. நமது கோடம்பாக்கத்தில் மேம்பாலத்தை விட்டிறங்கி ஆற்காடு சாலை வழியே வடபழனி நோக்கி நடப்பவர் எத்தனையோ பரிசோதனை நிலையங்களின் பெயர்ப்பலகைகளைக் காண்பார். காலையில் இரத்தம் கொடுத்தால் மாலையில் முடிவு கைக்கு வந்துவிடுகிறது. நோயை முன்னதாக அறிந்து உயிரைக் காக்கும் இவ்வசதியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அத்தாளில் அச்சாகி வரும் ஒரு சொல்லை எவ்வாறு படிப்பது, எப்போது நம்புவது என்பதைப் பற்றியே இத்திங்கள் சில வார்த்தை பேச விரும்புகிறோம்.

பெயரும் இடமும் மறைத்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஒரு பெண்ணுக்கு மண ஒப்பந்தம் முடிந்து, கோவிலில் இரண்டு ஓலைகளும் வாசித்தாயிற்று. மணமகன் வீட்டார் விரும்பியபடி இருவரும் இரத்தம் கொடுத்தனர். பெண்ணின் தாளில், ‘ஹெர்பீஸ் இரண்டாம் வகை’ என்பதற்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்றும், பக்கத்தில் 1.6 என்றும் அச்சிடப்பட்டிருந்தது. அந்த எண்ணின் பொருளை விளக்குவார் ஒருவரும் இல்லை. ‘இது பால்வினை நோயாயிற்றே’ என்ற ஒரு பேச்சே போதுமானதாயிற்று. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மூன்று திங்களுக்குப் பின் ஒரு மருத்துவர் வேறு முறையில் செய்வித்த சோதனையில் அப்பெண்ணுக்கு அந்நோய் இல்லை எனத் தெளிவாயிற்று. ஆனால் அதற்குள் மணமகனுக்கு வேறிடத்தில் பெண் பார்த்து முடித்திருந்தனர்.

இனி, ஹெர்பீஸ் என்பது யாது எனக் காண்போம். நம் ஊரில் ‘அக்கி’ என்று சொல்லி, குயவரிடம் சென்று செங்காவியால் எழுதிக்கொள்வார்களே, அது பெரும்பாலும் வேறு நோய். சின்னம்மைக் கிருமி உடலில் பல்லாண்டு உறங்கியிருந்து மீண்டும் எழுவதால் அந்த அக்கி உண்டாகிறது. நாம் இங்குப் பேசும் கிருமி அதன் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறானது. இதில் இரு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே எச்சில் வழியாகவும் முத்தத்தின் வழியாகவும் ஒட்டிக்கொள்வது. காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் கொப்புளிக்கும் புண் பெரும்பாலும் இதனாலேயே வருகிறது. உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு இம்முதல் வகை உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவினால் பரவுவது. இவ்விரு வகையில் எதுவாயினும், பலருக்கு ஒரு கொப்புளமும் காணாமலே வாழ்நாள் கழிந்துவிடும்.

இரத்தப் பரிசோதனை இக்கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே அது தேடுகிறது. கள்வனைக் காணாமல் அவன் காலடித் தடத்தைத் தேடுவது போன்றது இது. ஒருவருடைய காலடி மற்றொருவருடையதைப் போல் தோன்றிவிடுவதும் உண்டு. முதல் வகைக்கு எதிரான பொருளோ, வேறு ஏதோ ஒன்றோ இரண்டாம் வகையின் சாயலைக் காட்டிச் சோதனையை ஏமாற்றக்கூடும். ஏமாற்றம் மறுபுறமும் நேரும். கிருமி புகுந்தபின் எதிர்ப்பொருள் தெளிவாகத் தென்படப் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். அதற்கு முன் சோதித்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் மெய்யாகவே நோயுடையவர் 40 பேர். சோதனை அந்த 40 பேரையும் தவறாமல் கண்டுபிடித்துவிடுகிறது என்போம். எஞ்சிய 960 பேரில் நூற்றுக்கு நான்கு பேர் வீதம் மட்டும் அது பிழைபட்டு, இல்லாத நோயை உண்டென்று சொல்லுகிறது என்றும் கொள்வோம். நூற்றுக்கு 96 சரியான சோதனை என்றால் நல்ல சோதனை என்றுதானே எண்ணுவோம்? ஆனால் அவ்வாறு பிழையாக அகப்படுவோர் 38 பேர்! ஆக, ‘பாசிட்டிவ்’ என்று தாள் பெற்ற 78 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் குற்றமற்றவர். நோய் அரிதாக உள்ள இடத்தில், எந்த அறிகுறியும் இல்லாதவரைச் சோதித்தால் நேர்வது இதுவே. இதனாலன்றோ, அறிகுறியில்லாத பொதுமக்களுக்கு இச்சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2023-இலும் மீண்டும் அறிவுறுத்தியது!

இனி அந்த 1.6 என்ற எண்ணுக்கு வருவோம். பரவலாக வழங்கும் எலைசா சோதனைகளில், 0.9-க்குக் கீழே வந்தால் இல்லை என்றும், 1.1-க்கு மேலே வந்தால் உண்டு என்றும், இடைப்பட்டால் ஐயம் என்றும் பொதுவாகக் குறிப்பர். ஆயினும் 1.1-ஐத் தாண்டிய எல்லா எண்களும் ஒரே உறுதியுடையன அல்ல. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறை, எண் 3-க்குக் குறைவாயிருந்தால் அம்முடிவை வேறொரு முறையிலான சோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்று கூறுகிறது. அவ்வாறு உறுதிசெய்வதற்குச் சிறந்தது ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்னும் சோதனை. ஹெர்பீசுக்கு இதனைச் செய்வதில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் பெயர்பெற்றது. நம் தெருமுனை நிலையத்தில் கேட்டவுடன் கிடைக்கும் சோதனையன்று அது. கிடைக்காத இடத்தில், பன்னிரண்டு வாரம் பொறுத்து, வேறு முறையைக் கையாளும் வேறொரு கூடத்தில் மீண்டும் சோதித்து மருத்துவரிடம் காட்டுவதே தக்கது.

இவ்வளவு எச்சரிக்கை தேவைதானா என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு நம் சென்னை மாநகரமே விடை கூறும். 1985-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி தம் ஆய்வுக்காக இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். எய்ட்ஸ் நோய்க் கிருமி நம் நாட்டில் உண்டா என்பதே ஆய்வு. 1986 பிப்ரவரியில் அம்மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். அங்கு நடந்த எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின.

நாடு முழுவதையும் அதிரவைக்கும் கண்டுபிடிப்பு அது. ஆயினும் அந்த அறிஞர்கள் அன்றே முரசறையவில்லை. சென்னைக்குத் திரும்பி வந்து, அதே ஆறு பெண்களிடம் மீண்டும் புதிதாக இரத்தம் பெற்றனர். முதல் மாதிரியில் ஏதேனும் தவறு நேர்ந்திருக்கலாமல்லவா? புதிய மாதிரிகள் அமெரிக்காவுக்குச் சென்றன; அங்கு வெஸ்டர்ன் பிளாட் முறையில் சோதிக்கப்பட்டு உறுதியாயின. அதன் பின்னரே அரசுக்கு அறிவிப்புச் சென்றது. 1986 மே திங்களில் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை வெளியிட்டார். சமுதாயத்தால் ஒதுக்கப்பட்ட ஆறு எளிய பெண்களின் இரத்தமே அது. ‘அவர்களுக்கு இருக்கத்தான் செய்யும்’ என்று எளிதாக முடிவுகட்டியிருக்கலாம். அறிஞர்கள் அவ்வாறு செய்யவில்லை என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அந்த முறை இன்று நம் நாட்டில் நடைமுறையாகிவிட்டது. அரசின் ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களில், அறிகுறியற்ற ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டெனக் கூறுமுன் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகள் ஒத்துவர வேண்டும். கருவுற்ற தாய்மார் அறிந்த வி.டி.ஆர்.எல். சோதனையும் அப்படியே. மேகநோய் இல்லாதவருக்கும் அது சிற்சில வேளைகளில் உண்டெனக் காட்டும். ஆகவே வேறொரு சோதனையால் உறுதிசெய்வது மருத்துவ மரபு. இத்துணைக் கவனம் அங்கெல்லாம் வேண்டியிருக்க, ஹெர்பீசுக்கு மட்டும் ஒரே தாளைக் கொண்டு ஒரு பெண்ணின் கற்புக்குத் தீர்ப்பெழுதலாமா?

மறைநூலில் சூசன்னாவின் வரலாற்றை நாம் அறிவோம். இரண்டு முதியோர் ஒன்றாக நின்று அவள்மீது பழிசுமத்தினர், மக்களும் நம்பிவிட்டனர். இளைஞன் தானியேல் செய்ததென்ன? இருவரையும் பிரித்து நிறுத்தித் தனித்தனியே விசாரித்தான். எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்ற கேள்விக்கு ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் வெளியாயிற்று, குற்றமற்றவள் உயிர் தப்பினாள். சாட்சிகள் இருவர் என்பது மட்டும் போதாது. ஒருவரையொருவர் சாராத இருவராக இருத்தல் வேண்டும் என்பது அதில் உள்ள பாடம். அதே கூடத்தில் அதே கருவியில் அதே சோதனையை மறுநாள் மீண்டும் செய்தால், அது அதே சாட்சியை இரண்டாம் முறை அழைப்பதாகும். வேறு முறையில் செய்வதே இரண்டாம் சாட்சி.

ஆகவே, இத்தகைய தாள் கைக்கு வரும்போது குடும்பத்தார் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, அச்சோதனை இரு வகைகளையும் பிரித்துக் காட்டுவதா? பிரிக்காத சோதனை, உதட்டுப் புண்ணுக்குரிய முதல் வகையைக் கண்டே அச்சுறுத்திவிடக்கூடும். இரண்டாவது, தாளில் உள்ளது ஐ.ஜி.ஜி.யா, ஐ.ஜி.எம்.மா? ஐ.ஜி.எம். என்பது புதிய தொற்றுக்கு அடையாளம் என்று பலர் நினைக்கின்றனர். ஹெர்பீசில் அது வகையைச் சரியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. பழைய தொற்று மீண்டும் எழும்போதும் தலைகாட்டும். எனவே அதை நம்பி முடிவு செய்யலாகாது. கருவுற்ற மகளிருக்குச் செய்யும் ‘டார்ச்’ சோதனைத் தாளில் இந்த ஐ.ஜி.எம். இருப்பதைக் கண்டு நிலைகுலையும் இளந்தம்பதியர் இதை நினைவிற்கொள்வாராக. மூன்றாவது, எண் எவ்வளவு? நான்காவது, ஐயத்துக்கிடமான நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் கழிந்ததா?

உடலில் புதிய கொப்புளமோ புண்ணோ இருந்தால் இரத்தத்தைவிட அதுவே சிறந்த சாட்சி. அது உலர்ந்து பொருக்குத் தட்டுமுன் மருத்துவரிடம் சென்றால், புண்ணிலிருந்து துடைத்தெடுத்து பி.சி.ஆர். முறையில் கிருமியையே நேராகக் கண்டறியலாம். வெட்கப்பட்டு மறைத்துவைக்கும் நாள்களில் அந்த வாய்ப்பு நழுவிவிடும். கோடம்பாக்கம் நிலையத்தில் மின்சார இரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே அரசுப் பொது மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பால்வினை நோயியல் நிலையம் நெடுங்காலமாக இவற்றுக்கென்றே உள்ளது. அங்குச் செல்வது இழிவன்று.

சரி, இரண்டாம் சாட்சியும் ஒத்துச் சொல்லி, நோய் உறுதியானால்? அப்போதும் தாள் சொல்லாதவை பல உண்டு. கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த இரத்தப் பரிசோதனையும் கூறாது. மணமாகிப் பல்லாண்டு கழித்து ஒருவருக்கு உண்டெனத் தெரிந்தால், அது நேற்றைய துரோகத்தின் சான்று ஆகிவிடாது. கிருமியை உடலிலிருந்து முற்றும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால் அசைக்ளோவிர் முதலிய மருந்துகள் புண்ணைத் தணிக்கும். நாள்தோறும் உட்கொள்ளும் சிகிச்சை, துணைக்குப் பரவுவதையும் குறைக்கும். இந்நோய் உடையவர் மணம்புரிந்து மக்களைப் பெற்று நல்வாழ்வு வாழ்வதற்குத் தடையில்லை. மறைக்காமல் இருப்பதே இங்கு வேண்டப்படும் நேர்மை.

கருவுற்ற தாய்மாருக்கு மட்டும் ஒரு தனிச் சொல். பேறுகாலம் நெருங்கும்போது முதன்முறையாக இக்கிருமி தொற்றினால் சிசுவுக்கு ஆபத்து மிகுதி. நெடுநாள் முன்பே தொற்றியவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே தமக்கோ கணவருக்கோ முன்பு புண் வந்ததுண்டா என்பதை ஒளியாமல் மருத்துவரிடம் கூறுவது குழந்தையைக் காக்கும் வழியாகும். மாமியார் அறிந்தால் என்ன நினைப்பாரோ என்று அஞ்சி வாய்மூடிக் கிடப்பது குழந்தைக்குச் செய்யும் தீங்கு.

பெற்றோரே, பெரியோரே! உங்கள் மகனுக்கோ மகளுக்கோ வரன் பேசுகையில், அறிகுறியே இல்லாதவரிடம் இச்சோதனையைக் கட்டாயமாகக் கேட்பது தேவைதானா என்று முதலில் ஒரு மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். கேட்டுப்பெற்ற தாளில் ஐயமான சொல் கண்டால், அதை உறவினரிடம் காட்டுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். திருமண நாள் தள்ளிப்போனால் மண்டபத்து முன்பணம் போகலாம். அழைப்பிதழை மீண்டும் அச்சிட நேரலாம். பன்னிரண்டு வாரம் என்பது ஒரு நெல் பயிர் விளையும் காலங்கூட இல்லை. அவ்வளவு காலம் நாவைக் காத்துப் பொறுத்திருப்பது, பிறர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் செய்யக் கடமைப்பட்ட நீதியாகும்.