மலைநாடு பார்க்கப் போகுமுன்



எங்கள் வட்டுக்கோட்டை மாதர் சங்கத்தில் இம்முறை சுற்றுலாப் பேச்சு எழுந்தது. "எல்லாரும் நுவரெலியா எண்டினம். நாங்களும் ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றார் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர். மூன்று நாள் பயணம் என்று முடிவாயிற்று. நீங்களும் புறப்பட எண்ணினால் சில விடயங்களை மனதிற் கொள்ளுங்கள்.

முதலில் காலம். சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். சனம் அதிகம், அறை வாடகையும் அதிகம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. எனவே வீதி நிலைமையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் 117 இலக்கத்தில் விசாரித்த பின்பே புறப்படுங்கள்.

இரண்டாவது பாதுகாப்பு. 2025 மே மாதம் கொத்மலைப் பகுதியில் அதிகாலையில் ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இரவுப் பயணம் வேண்டாம். முதல் இரவு கண்டியில் தங்கினால் சாரதிக்கும் ஓய்வு கிடைக்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளி உடுப்பு அவசியம்.

நம் ஏ9 வீதி கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைப்பது. வழியில் மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசிக்கலாம். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. நாம் கண்ணகை அம்மன் என்று வணங்குபவளைச் சிங்களச் சகோதரிகள் அங்கே பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் எனப் பலரும் கலந்து வாழும் இடம் அது.

கூட்டத்தில் ஓர் அக்கா மெல்லச் சொன்னார்: "எங்கட வீட்டில மலைநாட்டுப் பிள்ளை ஒண்டு வேலைக்கு நிண்டது. அதின்ர ஊர்ப் பேரை நாங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

ஒருவரும் பேசவில்லை. நம்மில் பலர் வீடுகளின் கதை அது.

அந்தப் பிள்ளையின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியில் இறந்தோர் பலர். முதலில் கோப்பி, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பின் தேயிலை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆகவே, கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டால் உடனே படம் பிடிக்காதீர்கள். அவர்கள் பறிக்கும் கொழுந்தின் நிறையும் கூலியைத் தீர்மானிக்கும். ஒரு நிமிடம் மறித்தாலும் அது அவர்களுக்கு நட்டம். வேலை முடிந்து வரும் நேரம் பேசுங்கள். 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நாங்கள் பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொண்டு போகிறோம். அந்த அக்கா தானே பனங்கட்டிக் குட்டான்களைப் பொதி செய்தார். "இந்தமுறை ஊர்ப் பேரையும் கேப்பன்" என்றார்.

நீங்களும் கேளுங்கள், சகோதரிகளே.