காயும் ஏடும்

சூதாட்டத்தையும் சதுரங்கத்தையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தவர் நம் முன்னோருட் பலர். சிவராத்திரி இரவிலே கண்விழிப்பதற்குத் தாயம் உருட்டலாம். ஓய்ந்த பொழுதில் திண்ணையிலிருந்து நாயும் புலியும் ஆடலாம். ஆனால் உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டாற் பலகை பரணுக்குப் போய்விட வேண்டும். ‘ஆட்டம் சோறு போடுமா?’ என்ற கேள்விக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் வாய் திறப்பதில்லை. அக்கேள்வியைச் சினவாதும் நகையாதும் எடுத்து ஆராய்தல் இன்று நம் கடன்.

ஆட்டம் சோறு போட்டதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த், தாயாரிடம் ஆறாவது வயதிற் சதுரங்கம் பயின்றவர். 1987இல் உலக இளையோர் பட்டம் வென்றார். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அத்துணைப் புகழ் வந்த பின்னும் அவர் ஏட்டை எறிந்துவிடவில்லை. சென்னை இலயோலாக் கல்லூரியில் வணிகவியற் பட்டமும் பெற்றார். உலகப் பட்டம் அதன் பின்னரே, 2000ஆம் ஆண்டில், அவர் கைக்கு வந்தது. ஒல்லாந்து தேசத்து மாக்சு ஏவேயோ கணிதத்திற் கலாநிதி. பாடசாலையிற் கணிதம் படிப்பித்துக்கொண்டே, 1935இல் அலெகினை வென்று உலக வீரரானார்.

‘குகேசு படிப்பை விட்டல்லவா வென்றார்?’ என வினவுவோர் உளர். உண்மையே. நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்ட அவர், 2024 டிசம்பரிற் சிங்கப்பூரிலே, பதினெட்டாவது வயதில் உலகப் பட்டம் கொண்டார். ஆனால் அவர் பிறந்தது சதுரங்கத்துக்குத் தாயகம் போன்ற சென்னையில். வைத்தியரான தந்தையார் தம் தொழிலை ஒதுக்கிவைத்து மகனுடன் ஊர் ஊராய்ச் சென்றார். அத்தகைய துணை நெடுந்தீவுக் கடற்றொழிலாளியின் பிள்ளைக்கு உண்டோ? இல்லாத இடத்தில் அவ்வழியைக் காட்டுதல், நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில் இறக்கிவிடுதலுக்கு ஒப்பாகும்.

நம் தீவகத்தின் நிலை வேறு. யாழ்ப்பாண நகரிலே போட்டி நடந்தால், நெடுந்தீவுப் பிள்ளை ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் சென்று குறிகட்டுவானில் இறங்கி, பின்னர் புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைத் தாம்போதி வழியே நகர் சேர வேண்டும். நெடிய ஆட்டமொன்று நாலைந்து மணி நேரம் செல்லும். கடைசிப் படகோ ஆட்டம் முடியும்வரை காத்திராது. காற்றெழுந்த நாளிற் படகே இல்லை. தோற்றது எதிரியிடமா, கடலிடமா என்று அறியாமலே எத்தனை பிள்ளைகள் ஆட்டத்தை விட்டிருப்பர்!

இதனை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகவும் எண்ணிவிடல் ஆகாது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 புள்ளித்தரம் வேண்டும்; அதனோடு, தகுதி பெற்ற போட்டிகளிற் குறைந்தது 27 ஆட்டங்கள் அளவிற்குத் தேர்ச்சியை நிலைநாட்டவும் வேண்டும். அப்போட்டி ஒவ்வொன்றும் பல நாள் நீள்வது. கல்லூரியின் வரவு விதியும் பரீட்சைத் தேதியும் இவற்றோடு மோதாதிருத்தல் அரிது. பதினேழு வயதுப் பிள்ளையை நிறுத்தி, ‘காயா, ஏடா, ஒன்றைக் கூறு’ என்கிறோம். இக்கேள்வியே பிழை என்பது என் கருத்து.

‘ஒருவனுக்கு விதியைத் தளர்த்தல் மற்றவருக்கு அநீதியன்றோ?’ என்பர் சிலர். வடக்கின் பெரும் போர் எனக் கிரிக்கெட்டுக்கு ஆரவாரம் செய்யும் நாம், மட்டையேந்தும் பிள்ளைக்கு விடுப்புக் கொடுப்பதை அநீதி என்பதில்லை. காய் நகர்த்தும் பிள்ளைக்கும் அதே நீதி போதும். போட்டிக்குச் சென்ற நாளை வரவாகக் கொள்ளட்டும். தவறிய சோதனையைப் பின்னர் எழுத இடமளிக்கட்டும். தீவகப் பிள்ளைகள் நகரில் இரவு தங்க ஓரிடம் ஒதுக்கட்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, மனமே வேண்டும். புல்வெளியும் நன்னீரும் அரிதான தீவுகளுக்குப் பலகையும் முப்பத்திரண்டு காய்களும் போதுமான ஆட்டத்தைவிடப் பொருத்தமானது வேறேது?

மாணவருக்கும் ஒரு சொல். ஆடுவோர் எல்லாரும் ஆனந்த் ஆவதில்லை. ஆகாதவரே மிகப் பலர். ஆகவே பட்டப்படிப்பைத் தோல்விக்கு இட்ட காப்பு என்று இகழாதீர். அச்சமின்றி ஆடுவதற்கு அதுவே நிலம். நாளைக்குச் சோறு உண்டு என்று அறிந்தவனே இன்று துணிந்து காயைப் பலி கொடுக்க வல்லான்.

பெற்றோரே, பலகையைப் பரணில் ஏற்றாதீர். ஏட்டின் அருகிலேயே அதற்கும் ஓரிடம் கொடுங்கள்.