எழுதாத கைப்பக்குவம்

வீட்டில் பொழுதுபோக்குக்காரர் ஒருவர் இருந்துவிட்டால், மற்றவர்களுக்குப் பொழுது போகவில்லையே என்ற கவலை இராது. அவர் பிலிம் போட்டுப் படம் பிடிக்கிறவராயிருந்தால், இரவு எட்டு மணிக்குமேல் ஸ்நான அறை இருட்டறையாகிவிடும். தெரியாமல் கதவைத் திறந்தவர்கள் தப்பிப் பிழைப்பது அரிது. மாதிரி ரயில் கட்டுகிறவராயிருந்தால், சாப்பாட்டு மேஜையில் இலைக்குப் பதில் தண்டவாளம் போட்டிருக்கும். சரித்திரப் பித்துப் பிடித்தவராயிருந்தால், பழைய காகிதம் ஒன்றைக்கூடக் கடைக்குப் போட முடியாது. மூன்று பித்தும் ஒருவரையே பிடித்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அவ்வில்லங்களின் எஜமானிகளுக்கு நமது மனப்பூர்வமான அனுதாபம்.

ஆயினும் இந்த மனிதர்களிடம் ஓர் அரிய குணம் இருக்கிறது. தாம் கண்டதைத் தம்மைப் போன்ற இன்னொருவருக்குச் சொல்லாமல் அவர்களால் இருக்க முடிவதில்லை. எத்தனை டிகிரி சூட்டில் எத்தனை நிமிஷம் பிலிமை மருந்தில் வைத்தோம், எந்த இடத்தில் காரியம் கெட்டது, மறுமுறை எதை மாற்றினோம் என்றெல்லாம் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். வெளியாருக்கு அக்குறிப்புகள் அடுப்பங்கரைக் கணக்குப் போல் தோன்றும். புகைப்படக் கலையின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தாலோ, அக்கலையை வளர்த்ததே இத்தகைய குறிப்புகள்தாம் என்பது விளங்கும்.

வைத்தியர் எழுதிய குறிப்பு

லண்டனில் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி இருந்தார். தாம் செதுக்கும் உருவங்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருட்டு அவர் காமிராவைக் கையில் எடுத்தார். காகித நெகடிவில் படம் தெளிவாக விழவில்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைத் தடவி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கும் முறையை அவர் கண்டுபிடித்தார். 1851-ம் வருஷம் அதை ஒரு ரஸாயனப் பத்திரிகையில் முழுவதும் எழுதிவிட்டார். பேடெண்டு உரிமை எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பின் ஏறக்குறைய முப்பது வருஷ காலம் உலகமெங்கும் படம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய முறையையே கைக்கொண்டனர்.

அந்த முறையில் ஒரு பெருந் தொல்லை இருந்தது. படம் எடுக்கப் போகிறவர் தகடு, மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகவேண்டும். கொலோடியனில் உள்ள ஈதரின் நெடியோ தாங்க முடியாதது. ரிச்சர்ட் லீச் மாடாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர், பூதக்கண்ணாடி வழியே நுண்பொருள்களைப் படம் எடுப்பதில் ஈடுபட்டிருந்தார். ஈதர் நெடி அவர் தேகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொலோடியனுக்குப் பதிலாக ஜெலட்டினை வைத்துச் செய்து பார்த்தால் என்ன என்று அவர் எண்ணினார். செய்து பார்த்தார். ஓரளவு பலித்தது. 1871-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி வெளியான 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆப் போட்டோகிராபி' என்ற பத்திரிகையில் அதைப் பிரசுரித்தார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மாடாக்ஸின் பரிசோதனை முற்றுப்பெறாத ஒன்று. அவருடைய தகடுகள் வேகத்தில் கொலோடியன் தகட்டுக்கு ஈடாகவில்லை. 'பூரணமாக வெற்றி பெற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று அவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அரைகுறையாயிருந்ததை அரைகுறை என்றே சொல்லி அவர் வெளியிட்டார். மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார்கள். 1878-ல் சார்லஸ் பென்னெட் என்பவர், ஜெலட்டின் குழம்பைப் பல நாள் இளஞ்சூட்டில் வைத்திருந்தால் அதன் வேகம் பன்மடங்கு பெருகுகிறது என்று கண்டு, அதையும் மறைக்காமல் எழுதினார்.

அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரில் ஒரு பாங்கியில் கணக்கெழுதி வந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற வாலிபர் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வந்த ஜெலட்டின் குறிப்புகளைப் படித்தார். பகலில் பாங்கி உத்தியோகம். இரவில் தாயாரின் சமையலறையில் குழம்பு காய்ச்சும் வேலை. 1888-ல் 'கோடக்' காமிரா வெளிவந்தது. மறு வருஷம் ஒளி ஊடுருவும் சுருள் பிலிம் வந்தது. நம் பாட்டனார் பாட்டியாரின் கல்யாணப் படம் சுவரில் தொங்குகிறதென்றால், அதற்கு ஒரு சிற்பியும் ஒரு வைத்தியரும் தம் குறிப்புகளை இலவசமாகக் கொடுத்தது ஒரு முக்கிய காரணம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ஆர்ச்சர் 1857-ல் இளைத்து, ஏழையாகவே காலமானார். அவர் குடும்பத்துக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. அவர் முறையால் செல்வரானவர்கள் அநேகர். ஆகவே, 'ரகசியத்தைச் சொல்லிவிட்டால் என் வயிறு என்னாவது?' என்று ஒரு தொழிலாளி கேட்டால் அது நியாயமான கேள்வியே. கொடுத்தவனைக் காப்பது பெற்றுக்கொண்டவர்களின் கடமை. அக்கடமையைச் செய்யாத சமூகத்துக்கு 'எல்லாரும் ரகசியம் காக்கிறார்களே' என்று அங்கலாய்க்க உரிமை இல்லை.

பூட்டும் திறவுகோலும்

எழுதிப் பரப்பிய முறைக்கும் ஒரே இடத்தில் அடைபட்ட முறைக்கும் கதி எப்படி வேறாகிறது என்பதற்கு, ஒரே கம்பெனியிலிருந்து இரண்டு திருஷ்டாந்தங்கள் காட்டுவோம்.

1935-ல் கோடக் கம்பெனி 'கோடக்ரோம்' என்ற வர்ணப் பிலிமை வெளியிட்டது. அதைக் கண்டுபிடித்த மானெஸ், கொடாவ்ஸ்கி இருவரும் சங்கீத வித்வான்கள். ஒருவர் பியானோ, மற்றவர் பிடில். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாதபோது, பிராம்ஸ் என்ற மேதையின் இசையைத் தாளம் தவறாமல் சீட்டியடித்து அவர்கள் நேரம் கணித்தார்களாம். கோடக்ரோமின் வர்ணங்கள் அற்புதமானவை. ஆனால் அந்தப் பிலிமைக் கழுவும் முறை மிகவும் சிக்கலானது. பெரிய இயந்திரங்களும் பிரத்தியேக மருந்துகளும் வேண்டும். 2009-ல் பிலிம் தயாரிப்பு நின்றது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் எஞ்சியிருந்த கடைசிக் கழுவுமிடமும் 2010-ம் வருஷக் கடைசியோடு அவ்வேலையை நிறுத்திவிட்டது. அதற்குப் பின் பெட்டியில் அகப்பட்ட பழைய சுருளுக்கு அதன் வர்ணத்தை மீட்டுக் கொடுக்கும் கடை உலகில் இல்லாமற் போயிற்று.

அதே கம்பெனி 1920-களில் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு 'டி-76' என்ற மருந்தை அமைத்து, அதன் பாகத்தையும் வெளியிட்டது. மெட்டால் 2 கிராம், ஸோடியம் ஸல்பைட் 100 கிராம், ஹைட்ரோக்வினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர். தராசும் தைரியமும் உள்ள எவரும் இன்றும் அதைக் கலந்துகொள்ளலாம். கம்பெனிகள் எழலாம், விழலாம். அந்த நான்கு வரிகள் விழமாட்டா.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது' என்பார்கள். மெய்தான். அந்த நான்கு வரிகள் மட்டும் போதா; அவற்றைச் செய்து பார்த்தவர்களின் குறிப்பும் வேண்டும். மெட்டாலை முதலில் கரைக்கவேண்டும். ஸல்பைட் முழுவதையும் முன்னால் போட்டுவிட்டால் மெட்டால் கரையாமல் அடம் பிடிக்கும். ஸல்பைட் வேறு, ஸல்பேட் வேறு. எழுத்தில் தோன்றும் சிறு பேதம் மருந்தில் பெரும் பேதம்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னும் சில உண்டு. மேல்நாட்டுப் பொட்டலங்களில் 68 டிகிரி பாரன்ஹீட் என்று போட்டிருக்கும். சித்திரை மாதத்தில் நம் குழாய்த் தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டும். அச்சூட்டில் ஜெலட்டின் ஊதி இளகிவிடும். சூடான மருந்திலிருந்து குளிர்ந்த நீருக்குத் திடீரென்று மாற்றினால் வலை பின்னியது போல் சுருங்கியும் போகும். ஐஸை மருந்துக்குள் போடாமல், பாத்திரத்தைச் சுற்றி வைக்கவேண்டும். குளிரவைக்க வழியில்லையானால் நேரத்தைக் குறைக்கலாம். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக விழும் அபாயம் உண்டு. ஜெலட்டின் ஊதாமலிருக்க மருந்தில் ஸோடியம் ஸல்பேட் சேர்ப்பது உஷ்ண தேசங்களில் கண்ட உபாயம். ஹைப்போவில் பிலிமின் பால் நிறம் மறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல் இரு மடங்கு நேரம் அதிலேயே விடவேண்டும். நெகடிவ்களை ஈரக்கசிவுள்ள அலமாரியில் வைத்தால் பூசணம் ஜெலட்டினைத் தின்றுவிடும். இவை யாவும் யாரோ ஒருவர் படத்தைக் கெடுத்துக்கொண்டு, பிறகு நமக்காக எழுதிவைத்தவை.

சின்ன யந்திரமும் பெரிய யந்திரமும்

மாதிரி செய்கிறவர்களின் கதையும் இதுவே. 1898-ல் லண்டனில் பெர்ஸிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் என்ஜினீயர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர்கள் தாம் செய்த சிறு நீராவி யந்திரங்களின் அளவுகளையும் வரைபடங்களையும் அதில் பகிர்ந்துகொண்டனர். விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நகைத்தவர்களுக்கு இங்கிலாந்து ரயில் அன்பர்கள் பிற்காலத்தில் பதில் கூறினார்கள். 1948, 1949 ஆண்டுகளில் கட்டிய 'ஏ-1' வகை ரயில் என்ஜின்கள் 49-ம் பழைய இரும்பாகப் போய்விட்டிருந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவை வரைபடங்கள். அன்பர்கள் ஒரு தர்ம ஸ்தாபனம் அமைத்து, பணம் திரட்டி, 1994-ல் வேலையைத் தொடங்கி, 2008-ல் 'டார்னேடோ' என்ற ஐம்பதாவது என்ஜினை முழு அளவில் ஓட்டிக் காட்டினார்கள். காகிதம் இருந்தது, ஆகவே இரும்பு திரும்பி வந்தது.

நம் வீட்டு விஷயம்

இதைத் தமிழ் நாட்டாருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. செல்லுக்கும் கறையானுக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி அலைந்து, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையரவர்களின் பெருமையை அறியாத வீடு ஏது? அதற்கு முன்பே, 1858-ல், லின்னேயஸ் ட்ரைப் என்ற பட்டாளத்து அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். விருப்பத்தினால் காமிரா பழகிய ஒருவரின் உழைப்பு நம் சரித்திரத்துக்கு அப்படி ஒரு சாட்சியை வைத்துப் போயிற்று.

கல்லிலும் ஓலையிலும் எழுதியது பிழைத்தது. கையில் மட்டும் இருப்பது?

1960-ல் நீலகிரியில் உதகமண்டலத்தில் மத்திய சர்க்கார் 'ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்ற ஸ்தாபனத்தை நிறுவியது. பிரெஞ்சு நாட்டுக் கம்பெனி ஒன்றின் உதவியோடு 1967-ல் தயாரிப்பு தொடங்கியது. அங்கிருந்து 'இந்து' என்ற பெயரில் காமிராச் சுருளும், சினிமாப் பிலிமும், எக்ஸ்-ரே பிலிமும் வெளிவந்தன. 'இந்து' என்றால் திங்கள். வெள்ளி உப்பினால் ஒளியைப் பிடிக்கும் பொருளுக்கு அழகான பெயர். சுதேசிப் பிலிமை நம் மலையில் நம் ஜனங்கள் இருட்டில் கண்ணாகவிருந்து பூசினார்கள். பிறகு காலம் மாறியது, நஷ்டம் பெருகியது, ஆலை மூடப்பட்டுவிட்டது. அது ஏன் மூடப்பட்டது என்ற வாதத்தில் நாம் இப்போது இறங்கவில்லை. குழம்பு எந்தப் பதத்தில் பழுத்தது என்று விரலாலும் மூக்காலும் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் அறிவு எந்தத் தாளில் இருக்கிறது என்பதே நமது கேள்வி.

ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். நெகடிவின்மேல் கூரிய பென்ஸிலால் தொட்டு முகத்தின் வடுவை மறைப்பது ஒரு வித்தை. கறுப்புப் படத்தில் பட்டுப் புடவைக்கு வர்ணம் தீட்டுவது மற்றொரு வித்தை. கண்ணை மூடிக்கொண்ட குழந்தையைக் கண் திறக்க வைப்பது எல்லாவற்றிலும் பெரிய வித்தை. அன்று ரகசியம் காத்தவர்கள் வயிற்றுக்காகக் காத்தார்கள், அதில் தவறில்லை. இன்று அந்த ரகசியம் யாருக்கும் சோறு போடுவதில்லை. ஆகையால் அதை மூடி வைப்பதற்கு இருந்த ஒரே நியாயமும் போய்விட்டது.

நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். 'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?' என்று கேட்டால் பெருமூச்சுத்தான் வரும். என்ன பொருள், எவ்வளவு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், கெட்டுப் போனால் என்ன அடையாளம், உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி, தேதி போட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரை அவர் சம்மதத்தோடு முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆர்ச்சருக்கு உலகம் பட்ட கடனை நாம் அவ்வளவாவது தீர்க்கலாம். எழுதியதில் ஒரு பிரதி எடுத்து இன்னொரு வீட்டில் கொடுத்துவையுங்கள்.

அரைகுறையாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். மாடாக்ஸ் எழுதியதும் அரைகுறைதான்.