பதவி கொடுத்தவருக்கா, ஓட்டுப் போட்டவருக்கா?

கீழ்பென்னாத்தூரில் யாரையாவது நிறுத்தி, "உங்கள் பேரூராட்சித் தலைவருக்கு நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். போட்டதாகவே பலரும் சொல்வார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று மக்கள் ஓட்டுப் போட்டது வார்டு கவுன்சிலருக்கு மட்டும்தான். தலைவரை மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் உள்ள திருவண்ணாமலையில் நிலைமை இன்னும் ஒரு படி மேல். 2024-இல் அந்த நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. நகராட்சித் தலைவராக இருந்த நிர்மலா வேல்மாறனே முதல் மேயரானார். சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் 'நம் மேயர் யார்' என்று முடிவு செய்ய அந்த ஊர் மக்களை யாரும் இதுவரை அழைக்கவில்லை.

கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் பாதி உண்மைதான். 2022-இல் 21 மாநகராட்சிகளும் திமுக அணியிடம் வந்தன. கும்பகோணம் காங்கிரஸுக்கு, மற்ற 20-ம் திமுகவுக்கு என்று முடிவானது கட்சித் தலைமையில்தான். நகராட்சி, பேரூராட்சிகளிலும் எது எந்தக் கூட்டணிக் கட்சிக்கு என்று மேலிருந்தே பட்டியல் வந்தது. பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள் சும்மா இருப்பார்களா? நெல்லிக்குப்பம் நகராட்சி விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. திமுக கவுன்சிலரே எதிர்த்து நின்று வென்றார். இப்படிப் பல ஊர்களில் நடந்ததும், கூட்டணியின் இடத்தைப் பிடித்தவர்கள் ராஜினாமா செய்துவிட்டு வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்று முதல்வர் ஸ்டாலின் அன்றே அறிக்கை விட்டார். பதவியேற்ற முதல் நாளே வஞ்சமும் தொடங்கிவிட்டது.

அது எங்கே போய் முடியும் என்பதற்கு நெல்லையைப் பார்த்தால் போதும். 55 வார்டுகளில் 44 திமுக. கூட்டணியைச் சேர்த்தால் 51. அதிமுகவுக்கு வெறும் 4. எதிர்க்கட்சியே இல்லாத மன்றம் என்றே சொல்லலாம். அங்கேதான் மேயர் பி.எம்.சரவணனுக்கும் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. மேயருக்கும் அப்போதைய மாவட்டச் செயலாளரான பாளையங்கோட்டை எம்.எல்.ஏ. அப்துல் வஹாபுக்கும் இடையிலான பிணக்கே காரணம் என்று ஊரே பேசியது. 2023-இல் அவரிடமிருந்த கட்சிப் பொறுப்பு டி.பி.எம்.மைதீன்கானிடம் போனது. நம்மில் பலர் இதை 'நம்ம ஆளுக்குப் போச்சு, நம்ம ஆளுக்கு வந்துச்சு' என்ற கணக்கில் மட்டுமே பார்த்தோம். மேலப்பாளையத்தின் சாக்கடை அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

2023 டிசம்பர் மத்தியில் தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜனவரி 12-இல் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அதற்குள் மேலிடம் சமாதானம் பேசிவிட்டதால் அன்று ஒரு கவுன்சிலரும் வரவில்லை, தீர்மானம் தோற்றது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான் இழந்தவர்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த நாட்கள் அவை. கவுன்சிலர்களின் கவனமோ வேறிடத்தில் இருந்தது.

சமாதானம் நீடிக்கவில்லை. ஜூலையில் சரவணன் ராஜினாமா செய்தார். அதே சமயத்தில் கோவை மேயர் கல்பனா ஆனந்தகுமாரும் விலகினார். வெளியில் சொல்லப்பட்டவை சொந்தக் காரணங்கள். ஆகஸ்ட் 5-இல் நெல்லையில் நடந்த தேர்தலில் கட்சி அறிவித்த ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு. அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்ற பவுல்ராஜுக்கு 23. ஆளை மாற்றியும் வஞ்சம் போகவில்லை என்பதற்கு இந்த 23 போதாதா?

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டோம். 1996-இலும் 2001-இலும் மேயர்களை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் இரு முறையும் ஸ்டாலின். ஆட்சி அதிமுகவுக்கு மாறிய பின், ஒருவர் இரு பதவி வகிக்கக் கூடாது என்று 2002-இல் சட்டம் வந்தது, எம்.எல்.ஏ.வாகவும் இருந்த அவர் மேயர் பதவியை விட நேர்ந்தது. 2006-இல் திமுக ஆட்சியில் மறைமுகத் தேர்தல், 2011-இல் அதிமுக ஆட்சியில் நேரடித் தேர்தல், 2019-இல் அதே அதிமுகவே மறுபடி மறைமுகத் தேர்தல். யாருக்கு எப்போது எது வசதியோ, அது அப்போது சட்டம்.

சரி, இதில் நம் குடும்பங்களுக்கு என்ன? மன்றம் கூடாமல் போனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. கூடினால்தான் தீர்மானம், தீர்மானம் வந்தால்தான் டெண்டர், அதற்குப் பிறகுதான் தெருவுக்குக் குழாயும் கபரஸ்தான் பாதைக்கு விளக்கும். வீட்டு வரி அதிகம் போட்டுவிட்டார்கள் என்று முறையிட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. குழுவில் யார் என்பதைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். யாருடைய ஆள் என்று பார்த்து அந்த இடங்களும் நிரப்பப்பட்டால், வரி ரசீதோடு போய் நிற்கும் விதவைத் தாய்க்கு அங்கே ஆதரவாக ஒரு குரலும் இருக்காது.

கூட்டணிப் பேச்சு வரும்போதெல்லாம் 'சமுதாயத்துக்கு எத்தனை இடம்' என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், கேட்காமல் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் வாங்கிய பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தவர் எத்தனை கூட்டத்துக்குப் போனார், வார்டுக்காக என்ன கேட்டார் என்று ஜமாஅத்தில் உட்கார்ந்து ஒரு நாளாவது விசாரித்திருக்கிறோமா? நாம் விசாரிக்காதபோது, பதவி வாங்கிக் கொடுத்தவரிடம் மட்டுமே அவர் கணக்குச் சொல்கிறார்.

2022-இல் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. கீழ்பென்னாத்தூரிலும் வேட்பாளர்கள் வீடு வீடாக வருவார்கள். தலைவர் தேர்தல் அன்று யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள், அதை முடிவு செய்யப்போவது நீங்களா மேலிடமா என்று வாசலிலேயே கேட்டுவிடலாம்.