உரிமத் தேர்வும் உள்ளத்தின் மொழியும்

பேருந்து ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். மருந்துக் கடையில் மருந்தாளுநராக நிற்பவருக்குப் பதிவு வேண்டும். ஆனால், மனம் உடைந்து வருபவரின் எதிரே அமர்ந்து, "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று கூறுபவருக்கு என்ன தகுதி வேண்டும்? அதனை யார் சோதிப்பது? எவ்வாறு சோதிப்பது? உளவியலும் சமூகப்பணியும் பயிலும் நாம், பட்டம் பெற்று வெளியேறுமுன் இவ்வினாக்களுக்கு விடை தேட வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இது ஏட்டளவிலான ஐயம் அன்று. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், மருத்துவ உளவியலாளர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும் என்றது. சமூகப் பணியாளருக்கோ அத்தகைய நாடு தழுவிய ஏற்பாடு இல்லை. 1936இல் பம்பாயில் டாட்டா நிறுவனத்தில் தொடங்கிய சமூகப்பணிக் கல்வி, 85 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமே, மருத்துவச் சமூகப் பணியாளரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்தது. நாடெங்கும் ஒரே சீரான உரிமத் தேர்வு நடத்தவும் அச்சட்டம் இடமளிக்கிறது. எனவே, நமக்கோ நமக்குப் பின்வரும் தம்பி தங்கையருக்கோ அத்தேர்வு வரக்கூடும். அது எப்படி அமைய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் இதுவே.

"தேர்வே வேண்டாம்" என்பார் கட்சியில் நான் இல்லை. சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டு, "உளநல ஆலோசகர்" என்று பலகை வைக்கும் நிலை நல்லதன்று. தவறான மாத்திரை உடலைக் கெடுப்பதுபோல், தவறான சொல் உள்ளத்தைக் கெடுக்கும். நம்பி வருபவரைக் காக்க ஒரு வேலி வேண்டும். ஆனால், அந்த வேலியை எதனால் கட்டுவது என்பதே வினா.

இவ்வழியில் நமக்கு முன்னே சென்ற அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கு உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பு. முதுகலைப் பட்டம் பெற்று, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பணி செய்து, அதன் பின்னரே சிகிச்சை நிலைத் தேர்வை எழுத வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. நான்கு மணி நேரத்தில் 170 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். பல்லாண்டுகள் அத்தேர்வு அவ்வாறே நடந்தது. ஒரு குடும்பத்தின் நிலையை நான்கு வரியில் கூறி, "சமூகப் பணியாளர் முதலில் செய்ய வேண்டியது யாது?" என்று கேட்பது அதன் வழக்கம். இதற்கென வழிகாட்டி நூல்களும், மாதிரித் தேர்வுகளும், கட்டணப் பயிற்சிகளும் பெருகின.

2022இல் அத்தேர்வை நடத்தும் சங்கமே தேர்ச்சி விவரங்களை வெளியிட்டது. 2018 முதல் 2021 வரை சிகிச்சை நிலைத் தேர்வை முதன்முறை எழுதிய வெள்ளையரில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் தேறினர். கறுப்பினத்தவரில் 45 பேரே தேறினர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் பின்தங்கினர். ஒரே பட்டம், ஒரே பயிற்சி; வாசலில் மட்டும் இத்தனை வேறுபாடு! இல்லினாய் மாநிலம் 2022 தொடக்கத்திலிருந்தே சிகிச்சை நிலைக்குக் கீழுள்ள உரிமத்திற்குத் தேர்வு தேவையில்லை என்றாக்கிவிட்டது. 2023இல் அந்நாட்டின் சமூகப் பணியாளர் தேசியச் சங்கமும் அத்தேர்வுகளை எதிர்த்துக் குரல் கொடுத்தது.

இச்செய்தியைப் படித்தபோது என் களப்பணி நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. ஓர் அரசு மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில், கணவனைச் சேர்த்துவிட்டு ஒரு பெண் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார். நான் படிவத்தை விரித்துக்கொண்டு, எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், நாளொன்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். என் மேற்பார்வையாளர் வந்தார்; அருகே தரையிலேயே அமர்ந்தார். "ஏம்மா, காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றார். "நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணிதான்க்கா" என்ற பதில் உடனே வந்தது.

தேநீரும் பன்னும் வாங்கி வந்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளிவந்தன. ரேஷன் அட்டை அடகில் இருந்தது. பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருந்தனர். கடைசியில், "புள்ளைங்களோட ஒரேயடியா போய்ச் சேந்துடலாமான்னு இருக்கு" என்றார். மேற்பார்வையாளர் பதறவில்லை. எப்போதிருந்து அப்படித் தோன்றுகிறது என்று அமைதியாகக் கேட்டார். அன்றே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை முதலில் அறிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று. அந்த வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். விடை தெரியும், ஆனால், அந்த விடைக்குச் செல்லும் வழி தெரியவில்லை. அந்த வழி, "சாப்பிட்டியா" என்னும் ஒரு சொல்லில் இருந்தது. "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "எதுலயும் நாட்டமில்ல" என்றுதான் நம் மக்கள் துன்பத்தைச் சொல்கிறார்கள். அவற்றைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒருவர், ஆங்கில வினாத்தாளில் ஒரு சொல் விளங்காமல் தோற்று வெளியேறினால் இழப்பு யாருக்கு? அவருக்கு மட்டுமா? தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெண்ணுக்கும் அன்றோ!

ஆகவே, உரிமத் தேர்வு வருமாயின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, தேர்வைத் தமிழிலும் எழுத வாய்ப்பு வேண்டும். இரண்டாவது, தேர்வு மதிப்பெண்ணோடு மேற்பார்வையில் செய்த களப்பணிக்கும் நிகரான மதிப்பளிக்க வேண்டும். மூன்றாவது, சிற்றூரார் எத்தனை பேர், தமிழ்வழி பயின்றோர் எத்தனை பேர் தேறினர் என்ற விவரத்தை முதல் ஆண்டிலிருந்தே வெளியிட வேண்டும். அமெரிக்கா காலந்தாழ்த்திச் செய்ததை நாம் தொடக்கத்திலேயே செய்யலாம்.

மாணவ நண்பர்களே! நம் கடமையும் ஒன்றுண்டு. தேர்வுக்கான ஆயத்தம் குறிப்பேட்டை நெட்டுருப் போடுவதோடு முடிவதில்லை. களப்பணி நாட்களைக் கையெழுத்துக்காகக் கழிக்காமல், வகுப்புக்குத் திரும்பியதும் கண்டதைத் தமிழில் பேசி விவாதிப்போம். சட்டத்தையும் கோட்பாட்டையும் கசடறக் கற்போம். கேட்கும் செவியையும் பழக்குவோம். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து துணை செய்பவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணினார் வள்ளுவர். அந்த நான்காமவராக நிற்கும் தகுதியே நாம் பெற வேண்டிய உரிமம்.